உலக ஜெப நாள் ஆராதனைக்கு ஆயத்தமாவது எப்படி

உலக ஜெப நாளை நடத்தும் பொறுப்பு இந்த முறை உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 2012-இல் மலேசியப் பெண்கள் எழுதிய ஆராதனையில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி என்னை முன்னால் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட நான் விட்டதில்லை. பல வருடங்கள் ஆயத்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்திருக்கிறேன். செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு நாட்டின் கிறிஸ்தவப் பெண்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் வாழ்க்கையைப் பேசி, வேதத்தைப் படித்து, ஓர் ஆராதனை முறைமையை எழுதுகிறார்கள். மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதே முறைமையை அவரவர் மொழியில் ஜெபிக்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் வேலை என்னவென்று தெளிவாகிவிடும். எழுதியவர்களின் குரல் உங்கள் ஆலயத்தில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். பூ அலங்காரம், ஒலிபெருக்கி, வரவேற்புரை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

நவம்பரிலேயே தொடங்குங்கள்

பிப்ரவரியில் தொடங்கினால் ஆராதனை நடந்துவிடும், ஆயத்தம் நடக்காது. நவம்பரில் முதல் வேலையாக உங்கள் நாட்டின் உலக ஜெப நாள் குழுவிடமிருந்து அந்த ஆண்டுக்கான தொகுப்பை வாங்கிவிடுங்கள். ஆராதனை முறைமை, வேதபாடம், எழுதிய நாட்டைப் பற்றிய அறிமுகம், சிறுவர்களுக்கான பகுதி, பாடல், அந்த நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த ஓவியம் இவை அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் ஆராதனை முறைமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வைத்துவிடுவார்கள். நானும் ஒருங்கிணைப்பாளராக இருந்த முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். அந்த இரண்டு வருடமும் என்ன ஜெபித்தோம் என்று கேட்டால் இன்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது குழு. ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும். ஆராதனை எந்த ஆலயத்தில் நடக்கிறதோ அந்தச் சபைப் பெண்களே எல்லாவற்றையும் செய்துவிட்டு, மற்றவர்கள் விருந்தாளி மாதிரி வந்து உட்காரும் நிலை வரக் கூடாது. இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறட்டும். முன்னால் நின்று ஜெபிப்பவர்கள் எல்லாச் சபைகளையும் சேர்ந்தவர்களாக இருக்கட்டும்.

கத்தோலிக்கப் பங்குகளையும் அழைக்க வேண்டுமா என்று சிலர் தயங்குவார்கள். 1969-லேயே உலகக் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகளின் ஒன்றியம் இதில் இணைந்துவிட்டது. நாள் மார்ச் முதல் வெள்ளிக்கு வந்ததும் அப்போதுதான். அதுவரை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வெள்ளியில் நடந்தது, தவக்காலம் நகர நகர நாளும் நகர்ந்துகொண்டே இருந்தது. அதனால் தயங்காமல் போய் அழையுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மாதத்தின் முதல் வெள்ளி அவர்களுக்கு இயேசுவின் திரு இருதய பக்திக்குரிய நாள், மாலையில் திருப்பலி இருக்கும். மார்ச் முதல் வெள்ளி பெரும்பாலும் தவக்காலத்தில் வருவதால் சிலுவைப்பாதையும் இருக்கும். நேரத்தை நாமே முடிவு செய்துவிட்டு அழைப்பிதழை நீட்டினால், வர மனமிருந்தும் அவர்களால் வர முடியாது. டிசம்பரிலேயே பங்குத்தந்தையையோ அருட்சகோதரிகளையோ நேரில் பார்த்து, "உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்?" என்று முதலில் கேளுங்கள். அப்புறம் நேரம் குறியுங்கள்.

வெள்ளி வேலைநாள், ஞாயிற்றுக்கு மாற்றிவிடலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். முடிந்தவரை மாற்றாதீர்கள். இந்த ஜெபம் பசிபிக் தீவுகளில், டோங்கா, சமோவா பக்கம் வெள்ளி விடியும்போது தொடங்கி, நேரத்தோடு மேற்கே நகர்ந்து நகர்ந்து பூமியைச் சுற்றி வருகிறது. சமோவாவும் அமெரிக்கச் சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், ஆனால் நடுவில் தேதிக்கோடு போகிறது. 2011 டிசம்பர் 30-ஐ, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமையை, சமோவா தன் நாட்காட்டியில் இல்லாமலேயே செய்து கோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் சமோவாவில் வெள்ளி மாலை ஆராதனை நடக்கும்போது அமெரிக்கச் சமோவாவில் இன்னும் வியாழன் மாலைதான். அவர்கள் கூடுவதற்கு முழுதாக ஒரு நாள் பாக்கி இருக்கிறது. ஆராதனை தொடங்குவதற்கு முன் இதை நான் இரண்டு வாக்கியத்தில் சொல்வேன். நமக்கு முன்னால் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் யார், நமக்குப் பின்னால் எழுந்து வரப்போகிறவர்கள் யார் என்று தெரிந்ததும் கூட்டத்தின் அமைதியே மாறிவிடும்.

நாட்டைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை

உலக ஜெப நாளின் குறிக்கோள் வாசகத்தைத் தமிழில் சொன்னால், அறிந்து ஜெபி, ஜெபித்துச் செயல்படு. "அறிந்து" என்ற சொல் முதலில் நிற்கிறது. ஜனவரியிலிருந்து ஆராதனை நாள் வரை குறைந்தது மூன்று முறையாவது பெண்கள் கூடி உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் போதும்.

முதல் அமர்வுக்கு ஓர் உலக வரைபடம் வேண்டும். 2025-இல் எழுதியவர்கள் குக் தீவுகளின் பெண்கள். வரைபடத்தை மேசையில் விரித்து, "கண்டுபிடியுங்கள்" என்றேன். பதினைந்து பேர் குனிந்து தேடினோம். பசிபிக் பெருங்கடல் முழுவதும் நீலமாகக் கிடந்தது. கடைசியில் ஒரு பாட்டி, தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதையே பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு, "இதோ, இந்தப் புள்ளி. ரரோடோங்கா என்று போட்டிருக்கிறது" என்றார். மொத்தம் 15 தீவுகள், அதில் ஒன்றின் பெயர்தான் எங்கள் வரைபடத்தில் இருந்தது. அந்த ஆண்டுக்கான வேதபகுதி 139-ஆம் சங்கீதம், தேவன் என்னை ஆராய்ந்து அறிந்திருக்கிறார் என்று தொடங்குவது. வரைபடத்தில் புள்ளியாக இருக்கிற தீவின் பெண்கள் அந்தச் சங்கீதத்தை ஏன் எடுத்தார்கள் என்று நான் விளக்க வேண்டி வரவில்லை. விரலை அந்தப் புள்ளியில் வைத்தபடியே அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது அமர்வில், எழுதிய பெண்கள் தங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கும் கதைகளை வாசியுங்கள். இங்கேதான் ஒருங்கிணைப்பாளர் கவனமாக இருக்க வேண்டும். கதை முடிந்ததும், "ஐயோ பாவம், அந்தச் சனங்களுக்காக ஜெபிப்போம்" என்று ஒரு குரல் நிச்சயம் எழும். அந்த இரக்கம் உண்மையானது, அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்று ஆகிவிடும். நடப்பதோ நேர்மாறு. ஜெபத்தை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை வாங்கி நம் வாயால் சொல்லப் போகிறவர்கள் நாம். அதனால் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தப் பெண் நம் நடுவில் வந்து உட்கார்ந்தால் நமக்கு எதைக் கற்றுக் கொடுப்பாள்?" கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

2013-இல் பிரான்ஸ் பெண்கள் எழுதினார்கள். அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்ற மத்தேயு 25-ஆம் அதிகாரத்துச் சொல்தான் கருப்பொருள். பிரான்ஸ் வசதியான நாடாயிற்றே, அவர்களுக்காக என்ன ஜெபிப்பது என்று எங்கள் குழுவில் கேட்டார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறி, புதிய மொழியில் வாய் திறக்கத் தயங்கும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஓர் அக்கா, வேறு ஊரிலிருந்து தான் எங்கள் சபைக்கு வந்த முதல் ஆறு மாதம் யாரும் தன்னிடம் பெயர்கூடக் கேட்கவில்லை என்று சொன்னார். அன்று ஜெபிக்க வேண்டியது எதற்கென்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மூன்றாவது அமர்வு வேதபாடத்துக்கு. தொகுப்பில் உள்ள கேள்விகளே போதும், அதிகம் சேர்க்க வேண்டாம்.

அந்த நாட்டு உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கலாமா என்று கேட்பார்கள். என் எண்ணத்தில் வேண்டாம். உடை எளிதாக வேடமாகிவிடும். அதைவிட அவர்கள் மொழியில் ஒரு வாழ்த்தைக் கற்றுக்கொள்ளுங்கள். குக் தீவுகளின் வாழ்த்து "கியா ஒரானா". நீ நீடூழி வாழ்க என்று பொருள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் இரண்டு பெண்கள் அந்தச் சொல்லால் வரவேற்றார்கள். ஆராதனை முடிந்து போகும்போது சிறு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஓவியத்துக்கு மூன்று நிமிடம்

ஓவியத்தை அழைப்பிதழில் சின்னதாகப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். பெரிதாக அச்சிட்டு முன்னால் வையுங்கள், அல்லது திரையில் காட்டுங்கள். ஆராதனைக்குள் மூன்று நிமிடம் அதற்கென்று ஒதுக்குங்கள், பின்னணி இசைகூட வேண்டாம். 2021-இல் வனுவாட்டுப் பெண்கள் எழுதிய ஆராதனைக்கு ஜூலியட் பிட்டா என்ற ஓவியர் வரைந்த படம் வந்தது. 2015 மார்ச்சில் வனுவாட்டைத் தாக்கிய 'பாம்' என்ற பெயர் கொண்ட புயல்தான் அதன் பொருள். ஒரு தாய் தன் பிள்ளையின் மேல் கவிந்து ஜெபிக்கிறாள். அவள் மேல் ஒரு தென்னை வளைந்து நிற்கிறது. வேதபகுதி, கன்மலையின் மேல் கட்டிய வீடும் மணலின் மேல் கட்டிய வீடும். அந்த ஆண்டு நோய்த்தொற்றுக் காலம், நாங்கள் கைபேசித் திரையில்தான் கூடினோம். படத்தைக் காட்டிவிட்டு எல்லோரும் ஒலியை அணைத்துக்கொண்டோம். சிறு சிறு கட்டங்களில் முகங்கள் மட்டும் தெரிந்தன. யாரும் திரையை விட்டு விலகவில்லை. மரம் அந்தத் தாயின் மேல் வளைவதும், தாய் பிள்ளையின் மேல் வளைவதும் ஒரே வளைவு என்று அப்புறம் ஒரு பெண் சொன்னாள். எனக்கு அது அதுவரை கண்ணில் படவில்லை.

வாசிப்பவர்களைப் பழக்குவது

உங்கள் நேரத்தில் அதிகப் பங்கை இதற்குக் கொடுங்கள். இந்த ஆராதனையின் பெரும்பகுதி வாசிப்புதான். நடத்துபவர் பகுதி, சபையார் பகுதி, அந்த நாட்டுப் பெண்களாக நின்று "நான்" என்று பேசும் குரல்கள் என்று மாறி மாறி வரும். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன் தாளைக் கொடுத்து, "நீங்கள் மூன்றாம் குரல்" என்றால், அவர் எழுத்தைத்தான் வாசிப்பார். எழுதிய பெண்ணின் குரல் கேட்காது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? எப்போதும் ஒலிபெருக்கி முன் நிற்கிறவர்களுக்கு நடத்துபவர் பகுதியைக் கொடுங்கள். நாட்டுப் பெண்களின் குரல்களை, இதுவரை முன்னால் வந்தே இராதவர்களிடம் கொடுங்கள். ஆலயத்தைப் பெருக்குகிறவர், சிறு பிள்ளையோடு எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவர், கல்லூரி போகும் பெண் இவர்களெல்லாம் வரட்டும். வாசிக்கத் தெரியாத ஒருவர் ஆசைப்பட்டால் மனப்பாடமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்படி ஒரு முறை செய்தோம். தாள் இல்லாததால் அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். அந்த ஆண்டு எல்லோருக்கும் நினைவில் நின்றது அவர் சொன்ன பகுதிதான்.

ஒத்திகை இரண்டு தடவை வேண்டும், அதில் ஒன்று ஆலயத்திலேயே, ஒலிபெருக்கியோடு நடக்கட்டும். வாசகரின் தாளைத் தனியாகப் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நிறைய இடம் விட்டு அச்சிடுங்கள். ஒரு வாக்கியம் பாதியில் பக்கம் திரும்பும்படி இருக்கக் கூடாது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் உட்காருங்கள். மூச்சு விட வேண்டிய இடத்தில் ஒரு சாய்கோடு. நின்று நிதானிக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாய்கோடு. அழுத்த வேண்டிய சொல்லின் கீழ் ஒரு கோடு. வேற்றுமொழிப் பெயர்களை அசை பிரித்து மேலே எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் நீண்டு வாய்க்குள் சிக்கினால் அதை இரண்டாக உடைத்து எழுதிக்கொள்ளலாம். பொருளை மட்டும் மாற்றாதீர்கள், இனிப்பாக்கவும் செய்யாதீர்கள். எழுதிய பெண் கோபமாக ஒன்றைச் சொல்லியிருந்தால் கோபமாகவே இருக்கட்டும்.

2024-இல் பாலஸ்தீனப் பெண்களின் ஆராதனை வந்தது. அவர்கள் எழுதி முடித்த பிறகு போர் மூண்டுவிட்டது. அன்பினால் ஒருவரையொருவர் தாங்குங்கள் என்ற எபேசியர் 4-ஆம் அதிகாரம் அதன் கருப்பொருள். இந்த நேரத்தில் இதை வாசிக்கலாமா, சில பத்திகளை விட்டுவிடலாமா என்று எங்கள் குழுவில் இரண்டு கூட்டம் முழுவதும் பேசினோம். எழுதியபடியே வாசிப்பது என்று முடிவெடுத்தோம். போரின் இரு பக்கமும் அழுகிற தாய்மாருக்காக மன்றாட்டு வேளையில் தனியாக அமைதி காத்தோம். உங்களுக்கும் இப்படி ஓர் ஆண்டு வரும். அப்போது தனியாக முடிவெடுக்காதீர்கள், குழுவாக ஜெபித்துப் பேசி முடிவெடுங்கள்.

பரமண்டல ஜெபத்தில் தடுக்கும் இடம்

தமிழில் நடத்தும்போது இதை முன்கூட்டியே யோசிக்காவிட்டால் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு பக்கம் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவார்கள். இன்னொரு பக்கம் கத்தோலிக்கர்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்குவார்கள். இரண்டு வரி போனதும் ஒருவர் சத்தத்தில் ஒருவர் தடுமாறி, பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியில் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று சிலர் தொடரும்போது மற்றவர்கள் ஆமென் சொல்லி முடித்திருப்பார்கள். ஒன்றாக ஜெபிக்கக் கூடிய இடத்தில், ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே பிரிந்து நிற்பது எனக்கு மிகவும் வலித்தது.

சரி, என்ன செய்வது? மூன்று வழியும் செய்து பார்த்திருக்கிறோம். ஒரு வடிவத்தைத் தாளில் அச்சிட்டு எல்லோரும் அதையே வாசிப்பது ஒன்று, அதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். பாடலாகப் பாடுவது இன்னொன்று. எனக்குப் பிடித்தது மூன்றாவது: எல்லோரும் அவரவர் பழகிய சொற்களில், மெல்லிய குரலில், அவசரமில்லாமல் சொல்வது, முடிந்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருப்பது. இதை முன்னாலேயே அறிவித்துவிட வேண்டும். அப்போது அது தடுமாற்றமாகக் கேட்காது, பல ஓடைகள் ஓடுகிற மாதிரி கேட்கும்.

ஜெபம், செபம் என்று எழுதுவதிலும், பவுல், பவுலடியார் என்று சொல்வதிலும் அழைப்பிதழ் யாரையும் வெளியே நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாடல்களிலும் எல்லோருக்கும் தெரிந்தவை இரண்டு, எழுதிய நாட்டிலிருந்து வந்தது ஒன்று என்று வைத்தால் போதும். புதிய பாடலை ஆராதனைக்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு தடவை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

போதகரிடம் பேசுவது

போதகருக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆராதனையை நடத்துவது பெண்கள், வருவது எல்லோரும். ஆண்களும் பிள்ளைகளும் வர வேண்டும், சபையார் பகுதியைச் சேர்ந்து சொல்ல வேண்டும். தேவசெய்தி யார் கொடுப்பது என்று அவர் கேட்பார். செய்தி வைத்தால் ஒரு பெண் கொடுக்கட்டும், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். எழுதிய பெண்களின் குரல்களே ஒரு பிரசங்கம். அதன் மேல் முக்கால் மணி நேரம் இன்னொன்றை ஏற்றினால் முதலில் கேட்டது மறந்துபோகும்.

ஏன் பெண்கள் என்று கேட்கிறவர்களுக்கு வரலாற்றைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் திருச்சபை சங்கங்களின் முடிவுகளை எடுத்தவர்கள் ஆண்கள். பெண்கள் தங்களுக்கென்று ஊழியச் சங்கங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். 1887-இல் மேரி ஜேம்ஸ் என்ற பிரஸ்பிடேரியன் பெண், உள்நாட்டு ஊழியங்களுக்காக ஒரு ஜெப நாளுக்கு அழைத்தார். 1890-இல் ஹெலன் பாரட் மாண்ட்கோமரி, லூசி பீபாடி என்ற இரண்டு பாப்டிஸ்ட் பெண்கள், அயல்நாட்டு ஊழியங்களுக்காக இன்னொரு நாளுக்கு அழைத்தார்கள். 1920-இல் இரண்டும் ஒன்றாயின. 1927-இல் உலக ஜெப நாள் என்று அழைப்பு விரிந்தது. 1930-க்கான ஆராதனையை எழுதியவர் கொரியாவின் ஹெலன் கிம். அப்போதே எழுதும் கை ஆசியாவுக்கு வந்துவிட்டது என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் மறக்காமல் சொல்வேன்.

ஆராதனை நாளில்

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், நடக்க முடியாத ஒருவரின் கண்ணால் பாருங்கள். 2020-இல் ஜிம்பாப்வே பெண்களின் ஆராதனை. எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்று ஆண்டவர் சொன்ன யோவான் 5-ஆம் அதிகாரம். மாடி மண்டபத்தில் வைத்தோம். நான்தான் இடத்தை முடிவு செய்தேன். சக்கர நாற்காலியில் வரும் ஒரு சகோதரியால் மேலே ஏற முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றோம், அவர் வேண்டாம் என்றுவிட்டார். படுக்கையில் கிடந்த மனிதனின் கதையை நாங்கள் மேலே வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் கீழே படிக்கட்டின் அருகே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்டேன். "நான் மேலே ஏறி வர வேண்டும் என்றில்லை அக்கா. அடுத்த முறை நீங்கள் எல்லோரும் கீழே வந்துவிடுங்கள், போதும்" என்றார். மறுபடி நேரில் கூட முடிந்தபோது தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம். இன்றுவரை அங்கேதான். முன் வரிசையில் சக்கர நாற்காலிக்கு ஓரமாக இல்லாமல் நடுவில் இடம் விடுகிறோம். ஜெபித்துச் செயல்படு என்பது எங்களுக்கு முதலில் வந்தது இந்த வடிவில்தான்.

முன்னால் ஒரு சின்ன மேசை வையுங்கள். வேதம், மெழுகுவர்த்தி, எழுதிய நாட்டின் வரைபடம், ஓவியம், ஆராதனையில் குறிப்பிடப்படும் ஏதாவது ஒரு பொருள், இவ்வளவு போதும். உலக ஜெப நாளின் சின்னத்தையும் வைக்கலாம். 1982 ஆராதனைக்காக அயர்லாந்துப் பெண்கள் உருவாக்கியது அது. நான்கு திசையிலிருந்தும் வந்து ஜெபத்தில் குனிந்திருக்கும் மனிதர்கள், நடுவில் சிலுவை, சுற்றி உலகைக் குறிக்கும் வட்டம். பிள்ளைகளிடம் அதைக் காட்டி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், ஆர்வமாக எண்ணுவார்கள்.

மன்றாட்டு வேளையை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மனதுக்குள் இருபது வரை எண்ணச் சொல்லி ஜெபிப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள். முன்னால் நிற்கிறவருக்கு அது மிக நீளமாகத் தெரியும். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதுதான் ஒரு முகம் நினைவுக்கு வரும்.

காணிக்கை

இதில் தெளிவு வேண்டும். இந்தக் காணிக்கை எங்கே போகிறது என்பதை ஆராதனையிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு நாட்டின் குழுவும் அதன் பயனைத் தீர்மானிக்கிறது. சபையின் பொதுக் கணக்கில் கலந்துவிடாமல், வேறு வேறு சபையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அங்கேயே எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய சீட்டின் நகலை எல்லாச் சபைகளுக்கும் கொடுங்கள்.

தொகை சிறியதாக இருக்கிறதே என்று வருந்துகிறவர்களுக்கு நான் சாந்தி சாலமோனைப் பற்றிச் சொல்வேன். 1956-இல் ஆசிய நாடுகளுக்குப் பயணம் போன பெண்கள் குழுவில் இருந்த இந்தியப் பெண் அவர். கொரியாவுக்குள் போக அவருக்கு விசா கிடைக்கவில்லை. மற்றவர்கள் போய்விட, அவர் பிலிப்பைன்ஸில் தங்கிக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவருக்குத் தோன்றியது, பணக்காரியோ ஏழையோ ஒவ்வொரு பெண்ணும் பிறருக்காக ஜெபிக்கும்போதெல்லாம் தன் நாட்டின் ஆகச் சிறிய நாணயம் ஒன்றை எடுத்து வைக்கட்டும் என்பது. அதிலிருந்து பிறந்த ஐக்கியம் பல நாடுகளில் இன்றும் நடக்கிறது. சிறிய நாணயத்தை ஏன் கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள். அதைக் கொடுக்க முடியாத பெண் யாரும் இல்லை.

முடிந்த பிறகு

அடுத்த வாரத்திலேயே குழு ஒரு முறை கூடட்டும். எது சரியாக வந்தது, எங்கே தடுமாறினோம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஆராதனையில் கேட்டதிலிருந்து நம் வட்டாரத்தில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள், யார் செய்வது, எதற்குள் செய்வது என்று பெயரும் நாளும் போடுங்கள். மூன்று காரியம் எடுத்தால் ஒன்றும் நடக்காது.

பிறகு ஒரு கோப்பு. ஆராதனை முறைமையின் ஒரு பிரதி, வாசித்தவர்களின் தாள்கள், அழைத்த சபைகளின் பட்டியல், காணிக்கைச் சீட்டு, அந்த ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் அதில் போகட்டும். அடுத்த ஒருங்கிணைப்பாளரிடம் அதைக் கையில் கொடுங்கள், ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் கோப்பு இப்போது தடிமனாகிவிட்டது. அதன் அடியில் 2012-இல் எனக்குக் கொடுத்த வாசிப்புத் தாள் இருக்கிறது. பத்தே வரி. மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டிருக்கிறது, ஒரு சொல்லின் கீழ் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுத்திருக்கிறது. போட்டது யாரென்று எனக்கு இன்னும் தெரியாது.